கோவை – சென்னை: கிலோமீட்டரும் மணி நேரமும்



கோயமுத்தூரிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்? நம்ம ஊர்க்காரரைக் கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது. "ராத்திரி ஏறினா விடிய எறங்கிக்கலாமுங்க" என்பார். கணக்காகப் பார்த்தால் ரோட்டில் சுமார் 500 கி.மீ., ரயிலில் 495, ஆகாயத்தில் நேர்கோடு போட்டால் 400 சொச்சம். இந்தத் தூரம் அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். குறைந்ததெல்லாம் நேரம். அது எங்கே குறைந்தது என்று தேடிப் பார்ப்பது ஓர் இன்ஜினியருக்கு ருசிகரமான சரித்திரம்.

மாட்டுவண்டி நாளைக்கு 25 கி.மீ. போகும் என்று வைத்தால், சென்னைக்கு 20 நாள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது. ஆறே வருஷத்தில், 1862-ல், அந்தப் பாதை சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மலபார்க் கரையின் பேப்பூரோடு இணைந்துவிட்டது. ஆனால் வேடிக்கை பாருங்கள்: பாலக்காட்டுக் கணவாயைக் குறிவைத்துப் போன அந்த மெயின் லைன் கோவை நகருக்குள் வரவில்லை. போத்தனூரில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடித்துத்தான் ஊருக்கு வரணும். 1873-ல் போத்தனூர்–மேட்டுப்பாளையம் பாதை போட்ட பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

ஆகாய மார்க்கத்திலும் இதே கதைதான். பீளமேடு விமான நிலையம் 1940-ல் வந்தது. ஜெட் விமானம் இறங்க ஓடுபாதை நீளம் பத்தவில்லை. அதை நீட்டும் வேலைக்காக 1980-களில் விமானங்கள் சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் போய், 1987-ல்தான் பீளமேட்டுக்குத் திரும்பின. விமானம் தயார், இறங்க இடம்தான் தயாராகவில்லை!

இன்றைய கணக்கைப் போடுவோம். சென்னைக்குப் பறக்கிற நேரம் ஒரு மணி பத்து நிமிஷம். வீட்டிலிருந்து பீளமேடு போக முக்கால் மணி, அங்கே காத்திருக்க ஒன்றரை மணி, மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போக ஒரு மணி. மொத்தம் நாலரை மணி ஆச்சு. அதில் பறந்தது கால்வாசிதான்! 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத் ரயிலோ 5 மணி 50 நிமிஷத்தில் சென்ட்ரலில் விட்டுவிடுகிறது. நாற்கரச் சாலையும் புறவழிகளும் வந்தபின் காரில் எட்டு மணி நேரம் ஆகிறது.

1920-ல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டித் தொழிலை ஆரம்பித்தார். அவர் பெயரில்தான் 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் 10 கி.மீ. மேம்பாலம் திறந்தார்கள். சிக்னல் சிக்னலாக நின்றவர்களுக்கு அது இருபது நிமிஷம் மிச்சப்படுத்தினாலும், சென்னைப் பயணத்தில் அது லாபம்தானே? அதே இருபது நிமிஷத்தை ஆகாயத்தில் மிச்சம் பண்ண புது ரக விமானமே வேணும். இங்கே தூண் நட்டுப் பாலம் போட்டால் போதும்.

இப்போது படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேகமான வண்டி செய்கிறவருக்குப் பேர் கிடைக்கும். ஆனால் பம்ப் சாம்பிளோடு சென்னை போகிற சின்னப் பட்டறைக்காரர் அன்றே திரும்பினால்தான் அடுத்த நாள் வேலை கெடாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிக்கும் அப்படித்தான். அவர்களுடைய நேரம் பெரும்பாலும் போகிற வழியில் வீணாவதில்லை. ஏறுகிற, இறங்குகிற, காத்திருக்கிற இடத்தில்தான் வீணாகிறது. அந்த இடங்களைச் சரி பண்ணவும் இன்ஜினியர்கள் வேணுமுங்க!