பழைய எதிரியின் சாயலில் தேடப்பட்ட புதிய வலையமைப்பு: உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை முன்வைத்து

இலங்கையில் நடந்த 2019 ஏப்ரல் 21 தாக்குதலைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து வந்த எச்சரிக்கையையே சுற்றிவருகின்றன. எச்சரிக்கை கிடைத்தும் தேவாலயங்கள் காக்கப்படவில்லை. 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்ததும் இந்த அலட்சியத்துக்காகவே. ஆயினும் பிழை அந்தப் பதினேழு நாட்களில் தொடங்கவில்லை.

2018 நவம்பர் இறுதியில் மட்டக்களப்பு வவுணதீவில் இரு பொலிஸார் கொல்லப்பட்டு அவர்களின் துப்பாக்கிகள் பறிக்கப்பட்டன. மாவீரர் நாள் கழிந்து மூன்றே நாள். சந்தேகம் விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளிகள்மேல் பாய்ந்தது. கொன்றவர்கள் ஏப்ரல் தாக்குதலை நடத்திய குழுவினரே எனத் தெரியவந்த பின்னரே கைதான ஒருவர் விடுவிக்கப்பட்டார். டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணை ஜனவரியில் வனாத்தவில்லுத் தென்னந்தோட்டத்தில் பதுக்கியிருந்த வெடிபொருளுக்கு இட்டுச்சென்றது. இவ்விரண்டும் இணைந்தன, வவுணதீவு மட்டும் தனியே விடப்பட்டது. சான்று இல்லாததால் அல்ல, அதற்கான விடை முன்கூட்டியே கையிலிருந்ததால். அரசு இருபத்தாறு ஆண்டுப் போரில் கற்ற பாடமே இங்கே கண்ணை மறைத்தது என்பது என் வாதம்.

புலிகளுக்குச் சீருடை, தரவரிசை, நிலப்பரப்பு, கடற்படை எல்லாம் இருந்தன. கட்டளைச் சங்கிலியைப் பிடித்தால் மேலே ஏறலாம். ஏப்ரல் தாக்குதலை நடத்திய சஹ்ரான் ஹாஷிமின் குழுவிலோ சகோதரர்களும், கொழும்பு வாசனைத் திரவிய வணிகர் ஒருவரின் இரு மகன்களும் இருந்தனர். அல்கைதா தொடர்புடையோரின் வாழ்க்கை வரலாறுகளை ஆராய்ந்த மார்க் சேஜ்மன், நட்பும் இரத்த உறவும் கொள்கைக்கு முந்துகின்றன என்று 2004இல் எழுதினார். மையத் தலைமையின் பங்கைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்று புரூஸ் ஹொஃப்மன் பின்னர் மறுத்தார். இலங்கை விடயத்தில் இருவருக்கும் பங்குண்டு: தாக்குதலுக்கு இஸ்லாமிய அரசு அமைப்பு உரிமை கோரியது, அதன் பிரசாரம் இணையம்வழி வந்தது. ஆனால் இரகசியத்தைக் கட்டிக்காத்தது குடும்பம். வீட்டுக்குள்ளேயே பேசி முடிப்பவர்களிடம் ஒட்டுக்கேட்க அதிகம் இருப்பதில்லை.

அப்படிப்பட்ட குழு அயலவர் கண்ணில்தான் முதலில் படும். சஹ்ரானைப் பற்றி அவரது ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்கள் முன்னரே முறையிட்டிருந்தனர்; 2017 மார்ச்சில் அங்கு நடந்த மோதலுக்குப் பின் அவர் தலைமறைவானார். தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில் அவரது தந்தையும் சகோதரர்களும் ஒளிந்திருந்த வீடு தெரியவந்ததும் ஊரவர் சந்தேகித்துச் சொன்னதால்தான்.

அரசின் எதிர்வினையோ எதிர்த்திசையில் போனது. அவசரகால விதியால் முகத்திரை தடையானது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதுகள் பெருகின. மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது பாதுகாப்பு போதவில்லை. உடனடி அச்சத்தில் கடுமை தவிர்க்க முடியாதது என்பர். முதல் சில வாரங்களுக்கு அதை ஏற்கலாம்; மாதக்கணக்கில் நீளும் தடுப்புக்காவலுக்கு அது நியாயமாகாது. உள்ளூர் பொலிஸ் நிலையத்தில் பதியும் முறைப்பாடு புலனாய்வாளரைச் சென்றடைய வேண்டும், சொன்னவருக்குப் பதிலும் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும்: காத்தான்குடியில் விடுபட்டது இந்தச் சாதாரண நடைமுறை. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலான புதிய சட்டவரைவுகளின் விவாதம் தடுப்புக்காவல் காலத்தை அளப்பதிலேயே தேங்கி நிற்கிறது.