ஒரு கணினி, இரண்டு இயங்குதளங்கள்



பொந்தியான் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். நம் நாட்டில் பல பள்ளிகள் காலைப் பள்ளி, மாலைப் பள்ளி என்று இரு வேளைகளாக நடப்பதை நீங்கள் அறிவீர்கள். கட்டடம் ஒன்றுதான். மேசையும் நாற்காலியும் கரும்பலகையும் அவையேதான். காலையில் ஒரு மாணவர் கூட்டம் வந்து படித்துவிட்டுப் போகும். மதியம் மணி அடித்ததும் வேறொரு கூட்டம் வந்து அதே நாற்காலிகளில் அமரும். கட்டடம் ஒன்றானாலும், உள்ளே நடக்கும் ஆட்சி வேளைக்கு வேளை மாறுகிறது.

கணினியிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்து ஆளுகின்ற அந்த ஏற்பாட்டின் வரலாற்றைத்தான் இன்று காணப் போகிறோம்.

முதலில், இயங்குதளம் என்றால் என்ன? கணினி என்பது வெறும் உலோகமும் கம்பியும் சில்லுகளும் சேர்ந்த ஒரு பெட்டி. விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்ற வேண்டும். எழுதியதைச் சேமித்து வைக்க வேண்டும். அச்சுப் பொறிக்கு அனுப்ப வேண்டும். இந்த வேலைகளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்து மேற்பார்வை பார்க்கும் அடிப்படை நிரலையே இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் மற்றொன்று. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளில் இருப்பது வேறொன்று.

ஒரு பெட்டிக்கு ஒரு மேற்பார்வையாளர் போதாதா, இரண்டு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். இந்தக் கேள்வி 1960களிலேயே எழுந்துவிட்டது. அக்காலத்தில் கணினி ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் விலையோ மிக அதிகம். ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையை அறிவித்தது. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்கள் வந்தன. ஒன்றில் கணக்கு எழுதி வந்த நிறுவனங்கள் ஒரே நாளில் மற்றொன்றுக்கு மாற முடியவில்லை. மாறும் வரை இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டு கணினிகள் வாங்கப் பணமில்லை. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வுக் கூடத்தினர் 1967 வாக்கில் ஒரு வழி கண்டனர். ஒரே கணினியைப் பல கணினிகள் போலத் தோன்றச் செய்து, ஒவ்வொன்றிலும் ஓர் இயங்குதளத்தை ஓடவிட்டனர். 1972இல் இது வி.எம்./370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கு வந்தது.

எங்களைப் போன்ற சிறிய தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது புரியாத செய்தியன்று. மாணவர் தொகை குறைந்த பள்ளிகளில் கூட்டு வகுப்பு நடத்துவோம். ஓர் அறையில் ஒரு பக்கம் முதலாம் ஆண்டு, மறுபக்கம் இரண்டாம் ஆண்டு. இரண்டு வகுப்புகளும் ஒரே நேரத்தில் நடக்கும். ஆசிரியர் மட்டும் இருவருக்கும் பொது. ஐ.பி.எம். செய்தது கூட்டு வகுப்பு. நான் முதலில் சொன்னது இருவேளைப் பள்ளி. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைப்பதற்கு இன்றும் இந்த இரண்டு வழிகளே அடிப்படை.

இனி மேசைக் கணினிக்கு வருவோம். 1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை அறிமுகப்படுத்தியது. அப்போது வாங்குவோருக்கு மூன்று இயங்குதளங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று மைக்ரோசாப்ட் தந்த டாஸ், மற்றொன்று சி.பி.எம்.-86, மூன்றாவது பி-சிஸ்டம். டாஸின் விலை 40 அமெரிக்க டாலர். சி.பி.எம்.-86, மாதங்கள் சில கழித்து வந்தபோது, அதன் விலை 240 டாலர். எது வென்றிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வாங்குவோருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது உண்மையே; ஆனால் விலை ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டது.

1983இல் வெளிவந்த எக்ஸ்.டி. கணினியில் 10 மெகாபைட் அளவுள்ள வன்தட்டு இருந்தது. இங்கேதான் நம் கதையின் முக்கியமான கட்டம் வருகிறது. அந்த வன்தட்டை நான்கு பகுதிகள் வரை பிரித்துக்கொள்ள டாஸின் இரண்டாம் பதிப்பு இடம் தந்தது. ஒரு நிலத்தை நான்கு மனைகளாக வேலி போட்டுப் பிரிப்பது போன்றது இது. ஒவ்வொரு மனையிலும் ஓர் இயங்குதளம் குடியிருக்கலாம்.

கணினியை முடுக்கியவுடன் என்ன நடக்கிறது? தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக் கூடுவதை நினைத்துப் பாருங்கள். யார் யார் எந்த நிரைக்குப் போக வேண்டும் என்பது அங்கேதான் முடிவாகும். அதற்கு முன் ஒருவரும் வேலைக்குப் போவதில்லை. கணினியிலும் வன்தட்டின் முதல் துண்டு அத்தகைய பெரட்டுக்களம். அந்தத் துண்டின் அளவு 512 பைட். அதில் 446 பைட் முதல் கட்டளைகளுக்கு, 64 பைட் நான்கு மனைகளின் பதிவேட்டுக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கு. இவ்வளவு சிறிய இடத்தில்தான் இன்று யார் ஆள்வது என்பது தீர்மானிக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டால் விளைந்த ஒரு விபத்தைக் கேளுங்கள். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஒரு கணினி வாங்கினார். அதில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்துக்கொண்டு, தம் சொந்த இயங்குதளத்தைச் சிறிது சிறிதாக எழுதி வந்தார். ஒருநாள் தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணினியை அழைக்க முயன்றபோது, கட்டளை தவறுதலாக மோடத்துக்குப் போகாமல் வன்தட்டுக்குப் போய்விட்டது. மினிக்ஸ் இருந்த மனை அழிந்தது. மீண்டும் மினிக்ஸை நிறுவுவதா, தாம் எழுதிய அரைகுறைப் படைப்பையே நம்புவதா? அவர் பின்னதைத் தேர்ந்தார். அந்தப் படைப்பே லினக்ஸ்.

லினக்ஸ் பரவத் தொடங்கியபோது அதை முயன்று பார்க்க விரும்பியவர்களின் கணினிகளில் டாஸோ விண்டோஸோ முன்பே குடியிருந்தது. அதைத் துரத்தாமல் பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும். இதற்காக வெர்னர் அல்மெஸ்பெர்கர் 1992இல் லிலோ என்ற தொடக்க நிரலை எழுதினார். 1995இல் எரிக் போலின் கிரப் என்ற மற்றொன்றைத் தொடங்கினார். கணினியை முடுக்கியதும் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் அது இயங்கும். இருவேளைப் பள்ளிக்கு மணி அடிக்கும் ஆள் கிடைத்துவிட்டார்.

நேயர்களே, என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே சொல்கிறேன். 2005 முதல் 2011 வரை உபுண்டு என்ற லினக்ஸ் குறுந்தட்டை, கேட்பவர்களுக்கு இலவசமாகவே அஞ்சலில் அனுப்பி வந்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. 2008ஆம் ஆண்டு, பள்ளியில் இருந்த பழைய கணினி ஒன்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதை நிறுவினேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பள்ளி மலருக்காகத் தங்கள் கதைகளைத் தமிழில் லினக்ஸ் பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தனர்.

சில வாரங்களில் விண்டோஸ் பக்கம் நச்சுநிரல் புகுந்தது. நான் விண்டோஸை மட்டும் மீண்டும் நிறுவினேன். மறுபடி முடுக்கினால் பட்டியலைக் காணோம். நேராக விண்டோஸ்தான் வருகிறது. லினக்ஸ் இருந்த சுவடே இல்லை. பழுது பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்" என்றார். பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றார்கள். "ஐயா, எங்க கதையெல்லாம் போச்சா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு இதைப் பற்றிப் படித்த பிறகுதான் உண்மை விளங்கியது. விண்டோஸ் தன்னை நிறுவிக்கொண்டபோது அந்த 446 பைட் கட்டளைகளின் மீது தன் கட்டளைகளை எழுதிவிட்டது. மணி அடிப்பவர்தான் போனார். மாலைப் பள்ளி அப்படியே இருந்தது. அஞ்சலில் வந்த அதே குறுந்தட்டைக் கொண்டு கணினியை முடுக்கி, கிரப்பை மீண்டும் அதன் இடத்தில் எழுதினேன். கதைகள் ஓரெழுத்தும் குறையாமல் இருந்தன. அந்தப் பழுது பார்ப்பவர் சொன்னபடி செய்திருந்தால், அவற்றை என் கையாலேயே அழித்திருப்பேன். அன்று முதல், எந்த மாற்றத்துக்கு முன்பும் வேறோரிடத்தில் ஒரு படி எடுத்து வைக்காமல் நான் கணினியைத் தொடுவதில்லை.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் எட்டு மணி நேரம் தவறிக் காட்டும். காரணம் எளிது. கணினியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. விண்டோஸோ உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அன்று முதல் நாம் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னே இருக்கிறோம். அந்த எட்டு மணி நேரம்தான் திரையில் தெரிந்தது.

கடிகாரத்தைவிடப் பெரிய சிக்கல் தமிழுக்கு இருந்தது. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. ஒன்றில் எழுதிய கட்டுரையை வேறு எழுத்துரு உள்ள கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தால், காலையில் எழுதியதை மாலையில் படிக்க முடியாத நிலை ஏற்படும். இதைத் தீர்க்க 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. 2001இல் அந்த மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிய மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் பணியும் இங்கே நினைக்கத் தக்கது. இறுதியில், உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோடு நிலைபெற்றது. விண்டோஸ் 2000 யூனிகோடு தமிழுக்கு இடம் தந்தது. லினக்ஸிலும் தன்னார்வத் தமிழர்கள் பட்டியல்களையும் கட்டளைகளையும் தமிழாக்கினர். எங்கள் பிள்ளைகளின் கதைகளை எந்தப் பக்கத்திலிருந்தும் படிக்க முடிந்தது இதனால்தான்.

இருவேளைப் பள்ளி முறையைத் தமிழர்கள் மிகப் பெரிய அளவில் கண்டது தமிழ்நாட்டில். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, பாஸ் என்ற இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. அதில் தமிழ் உட்பட இந்திய மொழிகள் இடம்பெற்றன. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. ஏழை வீட்டுப் பிள்ளை கணினியை முடுக்கியதும் இரண்டு பெயர்கள் திரையில் தோன்றும்.

இதில் ஓர் ஆசிரியனாக நான் கவலைப்படுவது ஒன்றுண்டு. பட்டியலில் இரண்டு பெயர்கள் இருப்பதால் மட்டும் தேர்வு வந்துவிடாது. இரண்டாவது பெயரைத் தொட்டால் என்ன கிடைக்கும் என்று யாராவது கற்றுக் கொடுத்தால்தான் பிள்ளை அதைத் தொடும். இரண்டாவதன் தேவையை 2014 உணர்த்தியது. அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அறிவுறுத்தப்பட்டன. முன்பே பழகியிருந்தவருக்கு அந்த நாள் அச்சம் தந்திராது.

காலம் மேலும் நகர்ந்தது. 1999இல் விஎம்வேர் நிறுவனம், ஐ.பி.எம்.மின் பழைய கூட்டு வகுப்பு முறையை மேசைக் கணினிக்குக் கொண்டு வந்தது. விண்டோஸுக்குள் ஒரு சன்னலில் லினக்ஸ் ஓடியது. 2006இல் ஆப்பிள் தன் கணினிகளில் விண்டோஸை நிறுவ பூட் கேம்ப் என்ற வழியைத் தந்தது. 2020இல் தன் சொந்தச் சில்லுக்கு மாறியபோது அந்தப் புதிய கணினிகளில் அவ்வழி அடைபட்டது. 2016இல் மைக்ரோசாப்டே விண்டோஸ் 10க்குள் லினக்ஸ் நிரல்களுக்கு இடம் அளித்தது. அந்த 512 பைட் துண்டின் வேலையையும் இப்போது யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறை ஏற்றுக்கொண்டுவிட்டது. புதிய முறையில் ஒவ்வோர் இயங்குதளமும் தன் தொடக்க நிரலைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்வதால், ஒன்று மற்றொன்றின் மேல் எழுதும் விபத்து குறைந்திருக்கிறது.

ஆனால் பழைய பாடம் மீண்டும் வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு நின்றது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல பழைய கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்க மாட்டா. அவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதா? எங்கள் பள்ளியைப் போன்ற பள்ளிகளுக்கு ஒரு கணினி என்பது ஒரு வகுப்புப் பிள்ளைகளின் வாய்ப்பு. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ அத்தகைய கணினி ஒன்று இருந்தால், முதலில் கோப்புகளுக்கு ஒரு படி எடுத்து வையுங்கள். பிறகு அதன் பக்கத்தில் லினக்ஸுக்கு ஒரு மனை ஒதுக்கிப் பாருங்கள். பழகிய பிறகு எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மாலைப் பள்ளிக்கும் மணி அடிக்கட்டும்.