குறியைப் பார்த்துத் தீர்ப்பா, குழலைப் பார்த்தா?

கையும் கருவியும் – 23

2018-ல் பென்சில்வேனியாவில் பழம்பொருள் வியாபாரி ஒருவர், கொட்டகையில் நடந்த பழைய சாமான் விற்பனை ஒன்றில் நீண்ட துப்பாக்கி ஒன்றை வாங்கினார். இந்தக் காலத்தில் யாரோ செய்த நகல் என்றுதான் முதலில் நினைத்தார். அசல் சரக்கு இப்படிக் கொட்டகை விற்பனைக்கெல்லாம் வருமா என்பது அவர் கணக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்துப் பார்த்தபோதுதான் சந்தேகம் தட்டியது. குழலின் மேல் கிறிஸ்டியன் ஓர்ட்டர் என்ற கொல்லரின் பெயர், 1775 என்ற ஆண்டு. 1971 அக்டோபரில் வேலி ஃபோர்ஜ் அருங்காட்சியகத்தில் திருடுபோன அசல் அது! இன்று பிலடெல்பியாவில், அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தொழிலில் ஊறிய வியாபாரிக்கே அசல் நகலாகத் தெரிந்தது என்றால், அது இன்றைய கைவினைஞர்களுக்குக் கிடைத்த பாராட்டு. இருநூறு வருடங்களுக்கு முன்பு செய்ததா, போன வருடம் செய்ததா என்று கண் குழம்பும் அளவுக்கு அமெரிக்காவில் இன்றும் சக்கிமுக்கித் துப்பாக்கிகளைக் கையால் செய்கிறார்கள். செய்து, நடுவர்களின் முன்னால் வைத்து மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். அப்படியானால் ஒரு துப்பாக்கி நல்ல வேலை என்று சொல்ல யாருக்குத் தகுதி? இந்த வாரம் அந்தக் கேள்வியைப் பின்தொடர்வோம்.

ஈயம் போட்ட கணக்கு

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் பென்சில்வேனியாவுக்குக் குடியேறியவர்களில் துப்பாக்கிக் கொல்லர்களும் இருந்தார்கள். அவர்கள் ஊரில் வேட்டைக்காரர்கள் வைத்திருந்தது யேகர் ரைஃபிள். குட்டையான, கனமான குழல், பெரிய குண்டு. குழலுக்குள் முறுக்கிக்கொண்டு ஓடும் பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்கள்தாம் ரைஃபிளின் உயிர். குண்டு பம்பரம்போலச் சுழன்றுகொண்டே வெளியேறுவதால் பாதை பிசகாமல் போகும். வழவழப்பான குழல் கொண்ட மஸ்கெட்டில் இந்த வசதி கிடையாது.

புதிய நாட்டில் நிலைமை வேறு. காட்டுக்குள் மாதக்கணக்கில் அலைகிறவன் ஈயத்தையும் வெடிமருந்தையும் முதுகில்தான் சுமக்க வேண்டும். தீர்ந்துபோனால் கடை நூறு மைலுக்கு அப்பால். ஆகவே குண்டு சிறுத்தது. 0.62 அங்குல யேகர் குண்டுகள் ஒரு பவுண்டு ஈயத்தில் சுமார் 20 வார்க்கலாம், 0.45 அங்குலக் குண்டுகள் என்றால் 50-க்கு மேல். குழலும் நீண்டது. 42 முதல் 46 அங்குலம் வரை நீண்ட எண்பட்டைக் குழல் வழக்கமாயிற்று. மருந்து எரிந்து முடிய இடம் கிடைத்தது. முனைக்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடியதால் குறி துல்லியமாயிற்று. லங்காஸ்டர், ரெடிங், லீஹை, பெட்ஃபோர்ட் என்று வட்டாரத்துக்கு ஒரு பாணியும் உருவானது. பிற்காலத்தில் கென்டக்கி ரைஃபிள் என்று உலகமே அழைத்தாலும், இது பிறந்து வளர்ந்த பூமி பென்சில்வேனியாதான்.

உலைக்களத்துக்குள் போவோம்

குழல் செய்வதுதான் பெரிய வேலை. நீளமான தேனிரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றிக் குழாயாக வளைப்பார்கள். விளிம்புகள் சேரும் இடத்தில் வெங்காரம் தூவி, இரும்பு வெள்ளையாகக் கொதிக்கும் பதத்தில் எடுத்து அடித்து ஒட்டுவார்கள். ஒரு சூட்டுக்கு ஓரிரு அங்குலம்தான் ஒட்டும். கம்பியை உருவி, மறுபடியும் உலை, மறுபடியும் துருத்தி. நடுவில் தொடங்கி இரு முனைகளை நோக்கி நகர்வார்கள். எங்காவது ஒரு விரற்கடை ஒட்டாமல் விட்டுப்போனால், அது தெரியவருவது வெடிக்கும் நாளில்தான்.

அடுத்து, உள்ளே துளைக்கருவியை ஓட்டிச் சீராக்குவார்கள். குழல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு மெல்லிய இழையைக் குழலுக்குள் விறைப்பாக இழுத்துக் கட்டி, வெளிச்சத்தை நோக்கிப் பிடிப்பார்கள். குழலின் உட்சுவரில் விழும் அந்த இழையின் நிழல் எங்கே வளைகிறதோ அங்கே குழலும் வளைந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் சுத்தியலால் ஒரு தட்டு. மீண்டும் நிழல் பார்ப்பது. வெளிப்புறம் எட்டுப் பட்டைகளும் அரத்தால் ராவி எடுத்தவை.

பிறகு வருவது பள்ளம் வெட்டும் வேலை. நீண்ட மர மேடை. அதில் முறுக்குக் காடி வெட்டிய மர உருளை ஒன்று. அதன் முனையில் ஒரு தண்டு. தண்டின் நுனியில் சின்ன ரம்பப் பல் போன்ற எஃகு வெட்டி. உருளையைத் தள்ளி இழுத்தால் தண்டு சுழன்றுகொண்டே குழலுக்குள் போய்வரும். ஒரு இழுப்புக்கு மயிரிழை அளவு இரும்புதான் வரும். ஒரு பள்ளம் முடிந்தால் உருளையைத் திருப்பி அடுத்தது. பெரும்பாலும் ஏழு பள்ளங்கள். வெட்டி அதற்குமேல் கடிக்கவில்லை என்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? அதன் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகுவார்கள். காகிதத்தின் கனத்துக்கு வெட்டி உயரும். இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். பிறகு இன்னொரு காகிதம். அளவுமானி எதுவும் இல்லாத பட்டறையில் துல்லியத்துக்கு அளவுகோல் அந்தக் காகிதம்தான்.

கட்டைக்கு அலையலையாக ரேகை ஓடும் மேப்பிள் மரம். நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்து மரத்தின்மேல் தடவுவார்கள். முதலில் பச்சையாக, பார்க்கவே சகிக்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அருகில் காட்டினால் நிறம் செம்பழுப்பாக மாறி, ரேகைகள் எழுந்து நிற்கும். பின்கட்டையில் உளிகொண்டு புடைப்புச் சித்திரம். எண்ணெய்த் துணி வைக்க மூடி போட்ட ஒரு பித்தளைப் பெட்டி. அதன்மேல் எழுத்தாணி வேலை.

விசைப்பொறி தனிக் கலை. கல் எஃகில் உரசித் தெறிக்கும் தீப்பொறி கிண்ணத்து மருந்தில் விழ, அந்தத் தீ சிறுதுளை வழியே குழலுக்குள் பாய வேண்டும். இதற்கான ஸ்பிரிங்குக்குத் துவைச்சல் பதம் தப்பினால், ஒன்று ஒடியும், இல்லையென்றால் தளரும். இதற்கெல்லாம் நேரமில்லாத பென்சில்வேனியாக் கொல்லர்கள் பலர், இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்த பொறிகளைக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்தினார்கள். இன்றைய கைவினைஞர்கள் பலர் குழலையும் பொறியையும் விலைக்கு வாங்கித்தான் கட்டையில் இழைக்கிறார்கள். ‘அப்புறம் எப்படிக் கைவேலை?’ என்று கேட்பவர்களுக்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

சந்தை சொன்ன தீர்ப்பு

ஐரோப்பாவில் துப்பாக்கிக் கொல்லன் தன் வேலையைப் பெரியவர்களிடம் நிரூபித்தாக வேண்டும். ஜெர்மன் நகரங்களில் கைவினைஞர் சங்கம் வைத்ததுதான் சட்டம். பழகுநராகச் சேர்ந்து, ஊர் ஊராகக் கூலி வேலை செய்து, கடைசியில் ஒரு தேர்வுப் பொருளைச் செய்து காட்டி, அதை மூத்தவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் சொந்தப் பட்டறை. லண்டனில் 1637-ல் பட்டயம் பெற்ற துப்பாக்கி செய்வோர் சங்கம், குழல்களைச் சோதித்து முத்திரை குத்தியது.

பென்சில்வேனியாவின் கிராமத்தில் அப்படி எந்தச் சங்கமும் இல்லை. நடுவர், வாங்குகிறவர்தான். சோதனை, குறி சுடும் போட்டிதான். எல்லைப்புற ஊர்களில் ஒரு மாட்டையே பரிசாக வைத்துச் சுடுவார்கள். முதல் பரிசு தோலும் கொழுப்பும். அடுத்தடுத்தவர்களுக்கு முன்சந்து, பின்சந்து. கடைசிப் பரிசு, குறிக்குப் பின்னால் நின்ற மரத்தில் புதைந்திருக்கும் ஈயம்! அதையும் தோண்டி எடுத்து உருக்கி வார்த்துக்கொள்வார்கள். இப்படிப்பட்ட களத்தில் பள்ளம் சரியாக வெட்டாத கொல்லனின் பெயர் ஒரே மாலையில் கெட்டுப்போகும். சித்திரவேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் காப்பாற்றாது.

பிறகு வந்தது அமெரிக்க விடுதலைப் போர். 1775 ஜூன் 14-ல் அமெரிக்கக் காலனிகளின் காங்கிரஸ் பத்து ரைஃபிள் படைப்பிரிவுகளைத் திரட்ட உத்தரவிட்டது. ஆறு பென்சில்வேனியாவிலிருந்து, மேரிலாந்திலும் வர்ஜினியாவிலும் தலா இரண்டு. ஆனால் ரைஃபிள்தான் அமெரிக்காவுக்கு விடுதலை வாங்கித் தந்தது என்பது மிகை. மஸ்கெட்காரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். எண்ணெய்த் துணி சுற்றிய குண்டை இறுக்கி இறக்க வேண்டிய ரைஃபிள்காரனுக்கு ஒருமுறை சுடுவதே பெரும்பாடு. முனையில் பயனட் மாட்டவும் முடியாது. படையில் பெரும்பாலோர் கையில் இருந்தது மஸ்கெட்தான்.

இருந்தாலும் சில இடங்களில் ரைஃபிள் கணக்கை மாற்றியது. 1780 அக்டோபர் 7, கிங்ஸ் மவுன்டன். மலைக்கு அப்பாலிருந்து வந்த குடியானவர்கள் மரங்களுக்குப் பின்னால் மறைந்து சுட்டு, ஒரு மணி நேரம்போல நடந்த சண்டையில் பிரிட்டிஷ் மேஜர் பேட்ரிக் ஃபெர்குசனின் படையை முறியடித்தார்கள். ஃபெர்குசனும் அங்கேயே விழுந்தார். பின்பக்கமாக மருந்து நிரப்பும் புதுவகை ரைஃபிளுக்கு 1776-ல் காப்புரிமை வாங்கியவர் அவர்! செய்தி கேட்டுத் தன் படையோடு பின்வாங்கிய பிரிட்டிஷ் தளபதியின் பெயர் கார்ன்வாலிஸ். மறு ஆண்டு யார்க்டவுனில் சரணடைந்து, 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792-ல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாரமகாலையும் கம்பெனிக்கு வாங்கித் தந்தாரே, அதே கார்ன்வாலிஸ்தான்.

அழியவிருந்த வித்தை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேப் வெடி வந்தது, பிறகு தோட்டா வந்தது, தொழிற்சாலை வந்தது. பட்டறைகள் மூடின. பழைய ரைஃபிள்கள் பரணுக்குப் போயின. 1924-ல் ஜான் டில்லின் எழுதிய ‘தி கென்டக்கி ரைஃபிள்’ அவற்றைச் சேகரிப்பவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1933-ல், குழல்வாய் வழியே மருந்து நிரப்பும் துப்பாக்கிக்காரர்களுக்கென்றே ஒரு தேசியச் சங்கம் உருவானது. அதன் சுடுகளம் இண்டியானாவின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் இருக்கிறது. 1960-ல் யார்க் நகரத்துப் பழம்பொருள் வியாபாரி ஜோ கிண்டிக் எழுதிய நூல், இந்தத் துப்பாக்கிகளைக் கலைப்படைப்புகளாகவே பார்க்கச் சொன்னது.

ஆனால் புத்தகம் படித்துக் குழல் அடிக்க முடியுமா? அந்த இடைவெளியை நிரப்பியவர் வாலஸ் கஸ்லர். 1960-களில் வர்ஜினியாவின் வில்லியம்ஸ்பர்க்கில், அந்தக் காலத்துக் கருவிகளை மட்டுமே வைத்துக்கொண்டு, பட்டை இரும்பிலிருந்து தொடங்கிக் குழல், பொறி, திருகாணி, கட்டை என எல்லாவற்றையும் தன் கையால் செய்தார். அதைப் படமாகவும் எடுத்தார்கள். வழக்கொழிந்து கிடந்த ஒரு வித்தை பலருடைய கைகளில் மறுபடியும் உயிர் பெற அந்தப் படம் பெரிய காரணம். 1996-ல் இக்காலக் கைவினைஞர்களுக்கென்று தனிச் சங்கமும் தோன்றியது.

நடுவர் எதைப் பார்க்கிறார்?

பென்சில்வேனியாவின் கெம்ப்டன் ஊரில் டிக்சன் கடைக்காரர்கள் பல ஆண்டுகளாக ஜூலை மாதத்தில் நடத்திய கண்காட்சி, இந்த உலகத்தில் பெயர்பெற்றது. செய்தவர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். தொழிலில் தேர்ந்தவர்கள் தேர்ச்சி நிலைவாரியாகப் பிரித்து மதிப்பிடுவார்கள். குறை எங்கே, நிறை எங்கே என்ற விமர்சனமும் செய்தவருக்குக் கிடைக்கும்.

நடுவரின் கண் முதலில் தேடுவது சித்திரவேலையை அல்ல, மொத்த வடிவத்தை. புதிதாகச் செய்பவர்கள் எல்லோரிடமும் காணும் தவறு ஒன்று உண்டு: மரத்தைக் கூடுதலாக விட்டுவைப்பது. எங்கே வெட்டிக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். அதனால் துப்பாக்கி தடித்துப் போய்விடும். பழைய கொல்லர்களோ பயமில்லாமல் மெலியச் செதுக்கினார்கள். அடுத்து, பொறியும் மரமும் சேரும் கோடு. நகத்தை வைத்துத் தடவினால் இடைவெளி தட்டுப்படக் கூடாது. பிறகு பாணி. லங்காஸ்டர் கட்டையில் பெட்ஃபோர்ட் பெட்டியைப் பதித்தால் நடுவர் உதட்டைப் பிதுக்குவார். செதுக்கிய கொடியின் பின்தளம் சமமாக இருக்கிறதா, அரத்தின் கீறல் எங்காவது பல்லைக் காட்டுகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதில் ஒரு நியாயமான வழக்கும் இருக்கிறது. பழைய ரைஃபிளைக் கழற்றி உள்ளே பார்த்தால் உளிக் கொத்தல்களும் கரடுமுரடும் அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொல்லன் நேரத்தை வீணாக்கவில்லை. அவனுக்கு அடுத்த வாடிக்கையாளர் காத்திருந்தார். இன்றைய போட்டித் துப்பாக்கியோ சில சமயம் அசலைவிடச் சுத்தமாக இருக்கிறது. கென்டக்கியின் உட்பரியில் ஹெர்ஷல் ஹவுஸ் என்ற கைவினைஞரின் வழிவந்தவர்கள் இதற்கு நேரெதிர்: சுத்தியல் தழும்பும் கைப்பழக்கத் தேய்வும் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

என் தீர்ப்பு இது. மேசையில் வைத்துப் பார்க்கும் கண் அவசியம். அது இல்லாவிட்டால் வட்டாரப் பாணிகள் எல்லாம் கலந்து குழம்பிப்போகும். ஆனால் அந்தக் கண்ணுக்குக் குழலின் உள்பக்கம் தெரியாது. காகிதத் துண்டு செருகி வெட்டிய பள்ளம் சரியா, தவறா என்று சொல்லக்கூடிய நடுவர் இன்றும் ஒருவர்தான்: அறுபது கெஜத்துக்கு அப்பால் நிற்கும் குறிப்பலகை. கைவினைப் போட்டி நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், எந்தப் பொருளைத் தீர்ப்புக்கு எடுத்தாலும், அந்தப் பொருளை ஒருமுறை அதன் வேலையைச் செய்யவிட்டுப் பார்த்த பிறகே பரிசைக் கொடுக்கட்டும்.

அடுத்த வாரம்: வாத்து வேட்டையில் பிரியமுள்ள ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1807-ல் வாங்கிய ஒரே காப்புரிமையால் சக்கிமுக்கிக் கல்லுக்கு வேலையில்லாமல் செய்த கதை.

(தொடரும்)