நுனி அறுந்த நட்சத்திரம்

மருத்துவம் படிக்க உக்ரைனின் செர்னிவ்ட்சியில் போய் இறங்கியபோது, அந்த ஊரின் ஃபீஸும் குளிரும் மட்டுமே எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரியின் முதன்மைக் கட்டடம் தியேட்டர் சதுக்கத்தில் இருக்கிறது. அதே சதுக்கத்தில்தான் 1908-ல் யூதர்கள் கட்டிய மன்றமும் இருக்கிறது. அதன் முகப்பைக் கல் மனிதர்கள் தோளில் தாங்கி நிற்பார்கள். ஒரு மழைநாளில் ஒதுங்குவதற்காக உள்ளே போனேன். மாடிப்படிக் கிராதி முழுக்க ஆறுமுனை நட்சத்திரங்கள். பிடித்து ஏறும்போது ஒன்றில் கை தட்டியது. முனை இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. காவலுக்கு இருந்த பாட்டி என்னைப் பார்த்து, விரலை முன்னும் பின்னும் இழுத்து ரம்பம் அறுப்பதுபோல் காட்டினார். சோவியத் காலத்தில் அது யூத நட்சத்திரமாகத் தெரியக் கூடாதென்று அறுத்திருக்கிறார்கள். பின்னாளில் சரிசெய்தவர்கள் நினைவுக்காகச் சிலவற்றை அப்படியே விட்டுவைத்தார்கள். அன்றைக்குத்தான் நான் அந்த ஊரைப் படிக்க ஆரம்பித்தேன்.

ஊருக்கு நாலு பெயர். 1775-ல் ஆஸ்திரியாவிடம் போனபிறகு செர்னோவிட்ஸ், 1918-க்குப் பின் ருமேனியரிடம் செர்னவுட்ஸ், சோவியத்தில் செர்னோவ்ட்சி, இப்போது செர்னிவ்ட்சி. ஆஸ்திரியர் காலத்தில் ஜெர்மானியர், போலந்துக்காரர், உக்ரைனியர், ருமேனியர், யூதர் என்று ஆளுக்கொரு மன்றம் வைத்திருந்தார்கள். 1875-ல் பல்கலைக்கழகம் வந்தது. யிட்டிஷ் மொழிக்கான முதல் மாநாடு 1908-ல் இங்கேதான் கூடியது. ஜெர்மன் மொழியின் பெருங்கவிஞர் பால் செலான் 1920-ல் இங்கே ஒரு யூத வீட்டில் பிறந்தார். 1930 கணக்கெடுப்பின்போது சுமார் 1,12,000 பேர் இருந்த ஊரில் பத்துக்கு நாலு பேர் யூதர். இன்றைக்கு ஊரை நிறைத்திருக்கும் உக்ரைனியர் அன்று பத்தில் ஒரு பங்குதான்.

அவ்வளவு பேரும் எங்கே போனார்கள்? ஜெர்மானியரை 1940-ல் ஹிட்லரின் அரசே அழைத்துக்கொண்டு போய்விட்டது. யூதர்களுக்கு நேர்ந்ததைத்தான் என்னால் வேகமாகக் கடந்துபோக முடியவில்லை. 1941 அக்டோபரில் ருமேனிய ஆட்சி ஏறத்தாழ 50,000 பேரை ஊரின் ஒரு மூலைக்குள் அடைத்தது. அங்கிருந்து சரக்கு ரயிலில் டிரான்ஸ்னிஸ்ட்ரியா என்ற பகுதியின் முகாம்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அப்போது மேயராக இருந்தவர் டிராயன் போபோவிச். ருமேனியர், வக்கீல். யூதர்கள் இல்லாமல் ஊர் நடக்காது என்று மேலிடத்தில் வாதாடினார். ஏறத்தாழ 20,000 பேருக்கு ஊரிலேயே தங்க அனுமதிச் சீட்டு கிடைத்தது. ஒரு சீட்டில் ஒரு குடும்பத்தின் உயிர். 1942-ல் அவர் பதவியைப் பறித்தார்கள். அந்தக் கோடையிலேயே ரயில்கள் மறுபடி ஓடின. செலானின் அப்பாவும் அம்மாவும் அப்போது போனவர்கள்தான். இருவருமே திரும்பவில்லை.

போபோவிச்சால் பிழைத்தவர்களிலும் பெரும்பாலோர் போருக்குப் பின் ருமேனியாவுக்கும் இஸ்ரேலுக்கும் போய்விட்டார்கள். போலந்துக்காரரும் கிளம்பினார்கள். காலியான வீடுகளுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். 1877-ல் கட்டிய பெரிய யூதக் கோயில் எரிந்து, கடைசியில் சினிமா தியேட்டர் ஆனது. போருக்காகக் கீவிலிருந்து செல்யாபின்ஸ்க்குக்குப் பெயர்ந்திருந்த ஒரு மருத்துவக் கல்லூரியை 1944-ல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வணிக சபைக்காகக் கட்டிய கட்டடத்தில் இருக்கிறது. அதுதான் என் கல்லூரி.