பதினைந்து தடவை செத்தும் ஏன் விட முடியவில்லை? கதை சொல்லும் கடினமான வீடியோ கேம்கள் தரும் கடுப்பும் சுகமும்

அதே அசுரன் பதினைந்தாவது தடவையாக அடித்துப்போட்டுவிட்டான். கன்ட்ரோலரைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு, 'இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்' என்று எழுந்துபோனவர், தண்ணீர் குடித்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்து உட்காருகிறார். பார்ப்பவர்களுக்கு இது புரிவதில்லை. 'காசும் குடுத்து எதுக்குலே இந்தப் பாடு?' என்று நாகர்கோவில் பக்கத்து வீடு ஒன்றில் அண்ணன் கேட்டால், 'கதை என்னாச்சுன்னு தெரியாண்டாமாண்ணே?' என்று தம்பி சொல்லக்கூடும். அது பாதி பதில்தான். மீதிப் பாதிதான் சுவாரஸ்யமானது.

கதை கேம் என்றால் எது?

செல்போனில் ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ ஆடுபவர்களுக்கு ஒரு மேட்ச் என்பது அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சமாச்சாரம். ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்த மேட்ச் புதிதாகத் தொடங்கும். கதை கேம்கள் அப்படி இல்லை. பெரும்பாலும் ஒருவரே உட்கார்ந்து ஆடுவது. தொடக்கம், நடு, முடிவு எல்லாம் உண்டு. 'காட் ஆஃப் வார்', 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்', 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' போன்றவை முடிய இருபது மணி நேரமும் ஆகலாம், அறுபது மணி நேரமும் ஆகலாம். ஒரு தடவை வாங்கினால் போதும். ஆட ஆடப் பணம் கட்டும் வேலை பெரும்பாலும் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 'ஆன்லைன் கேம் தடை' என்ற செய்தி வந்தாலே வீடுகளில் எல்லா கேமுக்கும் சேர்த்து ஒரே திட்டு விழுகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடுப்பது பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை. ஒருவர் தனியாக உட்கார்ந்து அசுரனோடு மல்லுக்கட்டுவது அந்தக் கணக்கில் வராது. அங்கே போவது நேரமும் பொறுமையும்தான்.

பாவைக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரிந்த திரை

இந்த வகையில் இந்தியாவில் உருவான கேம்களில் முக்கியமானது 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் செய்தது. 2017-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் மக்களிடம் நிதி திரட்டப் பார்த்தார்கள்; இலக்கை எட்டவில்லை. கைக்காசைப் போட்டுத் தாக்குப்பிடித்து, 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும், அக்டோபரில் கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸிலும் வெளியிட்டார்கள். அந்த ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுக கேம் பிரிவுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

கதை எளிமையானது. சர்க்கஸ் வித்தை செய்யும் சிறுமி ராஜி. அவளுடைய தம்பி கோலுவை அசுரர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். துர்க்கை தந்த திரிசூலத்தோடு அவள் தேடிப் புறப்படுகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து பேசிக்கொண்டே கதையைச் சொல்கிறார்கள். கதையின் முக்கியமான கட்டங்கள் நிழல் பாவைகளாகத் திரையில் ஓடுகின்றன. வெளிச்சத்துக்கு முன்னால் ஓட்டை போட்ட தோல் உருவங்கள், கை மட்டும் அசையும் உடல்கள்.

கேமின் கோட்டைகளும் ஓவியங்களும் வட இந்தியச் சாயல்தான். ஆனாலும் குமரி மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் திரை சட்டென்று பிடிபடும். இங்கே அந்தக் கலையை வைத்திருந்தவர்கள், வீட்டில் மராத்தி பேசி மேடையில் தமிழில் கதை சொல்லும் குடும்பங்கள். ஆட்டுத்தோலில் செய்த பாவைகளை வெள்ளைத் துணிக்குப் பின்னால் வைத்து, ராமாயணத்தைப் பல ராத்திரிகளாகப் பிரித்துச் சொல்வார்கள். ராமன், ராவணன், அனுமார், சீதை எல்லாருக்கும் குரல் பெரும்பாலும் ஒரே ஆள்தான். நாகர்கோவில்காரரான நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் இந்தக் கலையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்று பார்த்தால்தான் கேம் தரும் கடுப்பு விளங்கும். கூத்தில் பார்ப்பவர் தூங்கினாலும் சரி, கடலை வாங்கப் போனாலும் சரி, லங்கை எரிந்தே தீரும். கேமில் எரியாது. ராஜியின் அடுத்த பாவைக்காட்சி வேண்டுமென்றால் முன்னால் நிற்கும் அசுரனை உங்கள் கைதான் வீழ்த்த வேண்டும். முடியவில்லையா, கதை அங்கேயே நிற்கும். கதைக்காகத் தவிப்பவரும் அவரே, கதைக்குக் குறுக்கே நிற்பவரும் அவரே. சினிமாவிலோ நாவலிலோ இல்லாத சங்கடம் இது.

கூத்திலிருந்து கேம்கள் வேறொன்றையும் எடுத்துக்கொண்டது மாதிரி இருக்கிறது. போர், சோகம் என்று கனம் கூடும்போது உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவார்கள். 2018-ல் வந்த 'காட் ஆஃப் வார்' கேமில் கடும் சண்டைகளுக்கு நடுவே படகுப் பயணம் வரும். துடுப்பு போடும் நேரத்தில் மிமிர் என்ற பாத்திரம் பழங்கதை சொல்லிக்கொண்டு வருவான். கரையில் இறங்கினால் கதையைப் பாதியில் நிறுத்துவான். திரும்பப் படகில் ஏறினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். அந்தக் கேமை ஆடியவர்களிடம் கேட்டால் சண்டையைவிடப் படகைத்தான் ஞாபகம் வைத்திருப்பவர்களும் உண்டு.

தோல்வியில் என்ன சுகம்?

டென்மார்க்கைச் சேர்ந்த கேம் ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2013-ல் 'தி ஆர்ட் ஆஃப் ஃபெய்லியர்' என்ற புத்தகத்தில் இந்த முரணைத்தான் எடுத்துப் பேசுகிறார். வாழ்க்கையில் தோல்வி என்றால் ஒதுங்கிப்போகும் மனிதர்கள், தோற்போம் என்று தெரிந்தே கேமுக்குள் போகிறார்கள். ஏன்? கேம் ஒரு குறையை உங்களுக்குக் காட்டுகிறது. முன்பு இல்லாத அந்தக் குறையை அதுவே உண்டாக்கியது. அதைச் சரிசெய்யும் வாய்ப்பையும் அதுவே தருகிறது. படம் பார்த்து அழுவது ஹீரோவுக்காக. கேமில் தோற்பது நீங்களேதான். வலி சொந்த வலி என்பதால் ஜெயிப்பும் சொந்த ஜெயிப்பாகிறது.

இதை முழுமூச்சாகச் செய்தது ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம். ஹிடேடாகா மியாசாகி இயக்கிய 'டார்க் சோல்ஸ்' 2011-ல் வந்தது. செத்தால் அதுவரை சேர்த்த 'சோல்' எல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப்போய் எடுத்துக்கொள்ளலாம். போகும் வழியில் இன்னொரு தடவை செத்தால் மொத்தமும் காலி. கொடூரமான ஏற்பாடுதான். ஆனால் எதிரி நிற்கும் இடம் மாறுவதில்லை, அவன் வாளை ஓங்கும் விதம் மாறுவதில்லை. முதல் தடவை கண்ணுக்குத் தெரியாமல் விழுந்த அடி, பத்தாவது தடவை தோளைத் தூக்கும்போதே தெரிந்துவிடும். வள்ளத்தில் போகிறவர்கள் அலை வரும் முன்னே அதைப் படிக்கிற மாதிரி, கண்ணும் கையும் பழகிக்கொள்கின்றன. அதே நிறுவனத்தின் 'எல்டன் ரிங்' 2022-ல் ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியது. கஷ்டமான கேமை ஒரு சிறு கூட்டம் மட்டும்தான் ஆடும் என்ற பேச்சு அதோடு அடங்கியது.

2018-ல் வந்த 'செலஸ்ட்' வேறு மாதிரி. மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள், அவ்வளவுதான். அவளுக்குப் பதற்றமும் தன்மேல் நம்பிக்கையின்மையும் உண்டு. ஆடுபவர் நூற்றுக்கணக்கில் விழுவார். விழுந்த அடுத்த நொடி அதே இடத்தில் எழுப்பி நிறுத்திவிடும். எத்தனை தடவை செத்தீர்கள் என்ற கணக்கையும் காட்டி, அதற்காகப் பெருமைப்படச் சொல்லும். 'என்னால முடியாது' என்று மேடலின் உட்காரும் இடமும் ஆடுபவர் சலித்து உட்காரும் இடமும் ஒன்றாகிவிடுகிறது. அந்தக் கேமை மலை ஏறாமல் யூடியூபில் பார்த்து முடித்தவருக்குக் கதை தெரியும், கதை நடந்திருக்காது.

எல்லாக் கடுப்பும் ஒன்றா?

இல்லை. எரிச்சலில் நல்லது கெட்டது உண்டு. 'என் தப்பு' என்று தோன்ற வைக்கும் தோல்வி மறுபடி இழுக்கும். 'கேமோட தப்பு' என்று தோன்ற வைக்கும் தோல்வி வெறுப்பேற்றும். ராஜியையே எடுத்துக்கொள்ளலாம். கேமரா ஆடுபவர் கையில் இல்லை, கேமே வைக்கும் கோணம்தான். காட்சிக்கு அது அழகு. தாவும்போது விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பள்ளத்தில் விழுந்தால் அதே அழகு கடுப்பாகிறது. அதைவிடப் பெரிய குறையாக விமர்சகர்கள் சொன்னது முடிவைத்தான். சில மணி நேரத்தில் கதை திடுதிப்பென்று நின்றுவிடுகிறது. அவ்வளவு அடியும் வாங்கி வந்தவருக்கு விருந்துக்குக் கூப்பிட்டுப் பாயசத்துக்கு முன்னால் இலையை எடுத்த மாதிரி இருக்கும். 2022-ல் சண்டையைச் சீராக்கி, இந்திக் குரலும் சேர்த்து மேம்பட்ட பதிப்பு ஒன்று வந்தது.

தோற்ற பிறகு அதே வசனக் காட்சியை மறுபடி பார்க்க வைப்பது, அசுரன் இருக்கும் இடத்துக்கு ஐந்து நிமிடம் நடக்க விடுவது, சேவ் செய்ய இடம் தராமல் இழுப்பது எல்லாம் கஷ்டம் என்ற பெயரில் நேரத்தைத் தின்பவை. உதவி கூடினாலும் கோபம் வரும். 2022-ல் வந்த 'காட் ஆஃப் வார் ரக்னராக்' கேமில், புதிரை யோசிக்கத் தொடங்கும் முன்பே கூட வருபவர்கள் விடையைச் சொல்லிவிடுகிறார்கள் என்று ஆடியவர்கள் பலர் நொந்துகொண்டார்கள். பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சுக்காரன் கத்திச் சொல்கிற மாதிரி.

கதையே தரும் கடுப்பு ஒன்றும் இருக்கிறது. 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' தொடக்கத்தில் ஒருத்தி மேல் கொலைவெறி வரவைத்துவிட்டு, பாதியில் அவளாகவே பல மணி நேரம் ஆட வைக்கிறது. நிறையப் பேர் கோபத்தில் நிறுத்தினார்கள். தொடர்ந்தவர்களில் பலருக்கு அந்தக் கோபம் எங்கே கரைந்தது என்றே தெரியவில்லை. யாரை அடிக்கத் தவித்தாரோ அவளைக் காப்பாற்றவே ஆடுபவரின் விரல்கள் ஓடுகின்றன. நாவலில் இதைச் செய்யலாம்; ஆனால் விரல் நோகாது.

ஈஸி மோடு வைத்தால் கேவலமா?

'லேய், ஈஸில வச்சா ஆடுக?' என்ற கேலி கூட்டுக்காரர்களுக்குள் சகஜம். கேலிக்குப் பயந்து ஹார்டில் வைத்து, பாதிக் கதையில் கேமையே கைவிடுபவர்கள் ஏராளம். அதில் என்ன லாபம்? செலஸ்ட் கேமில் 'அசிஸ்ட் மோடு' உண்டு: வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலேயே இருக்கலாம். லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் பார்வை, செவி, கை இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்காக 60-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. மியாசாகியின் கேம்களில் ஈஸி என்ற பொத்தானே கிடையாது. எல்லோரும் ஒரே மலையை ஏற வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனாலும் எல்டன் ரிங்கில் ஒரு அசுரன் முடியவில்லை என்றால் வேறு திசையில் போய் பலத்தைக் கூட்டிக்கொண்டு வரலாம், துணைக்கு ஆவிகளை அழைக்கலாம். கதைக்காக வந்தவர் அளவைக் குறைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. இரண்டு மூன்று நாளாகியும் எதிரியின் அடுத்த அடி என்ன என்று கொஞ்சம்கூடப் பிடிபடவில்லை என்றால், குறைக்கும் நேரம் வந்துவிட்டது.

தமிழ் எங்கே?

இந்த மாவட்டத்து ஆட்டக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. பெரிய கதை கேம்களில் தமிழ் வசனமோ சப்டைட்டிலோ அரிது. ஆங்கிலத்தைப் பாதி பிடித்து, மீதியை ஊகித்துக்கொண்டு ஆட வேண்டும். விசித்திரம் என்னவென்றால் மியாசாகியும் அப்படி வளர்ந்தவர்தான். சிறுவயதில் ஆங்கில மாயக்கதைப் புத்தகங்களைப் பாதி புரிந்தும் புரியாமலும் வாசித்து, விடுபட்டதைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கேம்களில் கதை வாள், மோதிரம் போன்ற பொருள்களின் குறிப்புகளில் துண்டுதுண்டாகக் கிடப்பதற்கு அதுவே வேர்.

தமிழ் வாழ்க்கையையே கதையாக்கிய கேம் 2023 ஜூலையில் வந்தது: 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மா தந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விட்டுப்போனதை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாவற்றுக்கும் ஆவி போகும்? புட்டுக் குழலில் எது முதலில்? வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் தலையைச் சொறிந்த இடத்தில், காலையில் புட்டும் பயறும் பப்படமும் தின்று வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரருக்குக் கை தானாகப் போகும். துளைத்தட்டு அடியில், பிறகு தேங்காய்ப்பூ, மாவு, மறுபடி தேங்காய்ப்பூ. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும், ஐஜிஎஃப் விழாவின் தலையாய பரிசும் இதற்குக் கிடைத்தன.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அசுரன் கிடையாது, யாரும் வெட்டிப்போடமாட்டார்கள். தப்பினால் இட்லி கெடும், மறுபடி ஊற்றலாம். பிற்பகுதியில் வளர்ந்துவிட்ட கவின் அதே புத்தகத்தைத் திறக்கிறான். அம்மா மாதிரி அவனுக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டுகிறான்.