சுவரும் மொழியும்: தூய தைலோ தேவாலய மீட்டுருவாக்கம்

வேல்ஸ் நாட்டின் தெற்கே, பொன்டார்துலைஸ் என்னும் ஊரை அடுத்த ஆற்றோரச் சதுப்பு நிலத்தில், இடைக்காலத்தைச் சேர்ந்த சிறு தேவாலயம் ஒன்று நின்றது. அது ஆறாம் நூற்றாண்டுத் துறவியாகிய தைலோவின் பெயரில் அமைந்தது. அவ்விடத்தின் பெயர் லந்தைலோ தல்-அ-பொன்ட் என்பதாகும். ‘லன்’ என்னும் சொல் முதலில் வேலியிட்ட நிலத்தையும் பின்னர்த் தேவாலயத்தையும் குறித்தது. அதனோடு சேரும்போது ‘தைலோ’ என்பதன் முதல் வல்லெழுத்து ஒலிப்புடைய ஒலியாக மாறுகிறது. மெல்லெழுத்தை அடுத்த தகரம் தமிழில் இயல்பாகவே அவ்வாறு ஒலிப்பதால், இம்மாற்றம் தமிழ் எழுத்தில் புலப்படுவதில்லை. எனினும் இரண்டின் காரணமும் வேறு. வேல்சு மொழியில் இம்மாற்றத்தை உண்டாக்குவது மூக்கொலியின் அண்மை அன்று. ‘லன்’ பெண்பாற் சொல்லாக இருப்பதே ஆகும்.

ஊர் ஆற்றங்கரையை விட்டு விலகி வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஊருக்குள் புதிய ஆலயம் எழுந்தபின் பழைய ஆலயத்தில் வழிபாடு அருகிற்று. இப்புறக்கணிப்பே அதற்குக் காப்பாயிற்று என்பது வியப்பிற்குரியது. விக்டோரியா காலத்தில் சிற்றூர்த் தேவாலயங்கள் பலவற்றின் பழைய சாந்தை உரித்தெறிந்த ‘திருத்தப்பணி’ இதனை எட்டவில்லை. 1970களின் தொடக்கத்தில் வழிபாடு முற்றிலும் நின்றது, கூரையும் சிதைந்தது. மழைநீர் புகுந்து சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தபோது, அதனடியில் தூய கத்தரீனாள், குழந்தை இயேசுவைச் சுமக்கும் தூய கிறிஸ்தோபர் முதலியோரின் ஓவியங்கள் வெளிப்பட்டன.

1980களின் நடுவில் கட்டடம் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, கார்டிஃபை அடுத்த செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. சுவரோவியங்கள் பெயர்த்தெடுத்துப் பாதுகாக்கப்பட்டன. புதிதாக எழுப்பிய சுவர்களில் அவற்றின் படிகளே தீட்டப்பட்டன. பணி இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2007 அக்டோபரில் கேன்டர்பரிப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் ஆலயத்தைத் திறந்துவைத்தார்.

எந்தக் காலத்து ஆலயத்தை மீட்பது என்பதே இப்பணியின் முதன்மைச் சிக்கல். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போர் நன்கறிந்த சிக்கல் இது. கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு நூற்றாண்டினது. ஒன்றைத் தேர்ந்தால் பிற மறையும். அருங்காட்சியகத்தார் 1530ஐ ஒட்டிய நிலையைத் தேர்ந்தனர். ஓவியங்களுள் பல அக்காலத்தை ஒட்டியவையாதலின் இத்தேர்வுக்கு வலுவான நியாயம் உண்டு. ஆயின், அதற்கு ஈடாக இழந்தது யாது என்பதை மொழி வரலாறு காட்டும்.

1530இல் வழிபாட்டு நூல்களின் மொழி இலத்தீன். 1549இல் ஆங்கில வழிபாட்டு நூல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலம் அறியாத மக்களுக்கு அதுவும் அயன்மொழியே. விவிலியத்தையும் வழிபாட்டு நூலையும் வேல்சு மொழியில் பெயர்க்குமாறு 1563இல் சட்டம் பிறந்தது. 1567இல் வழிபாட்டு நூலும் புதிய ஏற்பாடும், 1588இல் வில்லியம் மார்கனின் முழு விவிலியமும் வெளிவந்தன. வேல்சு உரைநடை நிலைபெற இவ்விவிலியம் பெருந்துணையாயிற்று. அம்மொழி வழிபாட்டு மொழியாகிய நூற்றாண்டுகளில் இவ்வோவியங்கள் சுண்ணாம்பின் அடியில் மறைந்திருந்தன. எனவே ஓவியங்களைத் துலங்கச் செய்த மீட்டுருவாக்கம், தாய்மொழி வழிபாட்டுக் காலத்தை அச்சுவர்களிலிருந்து அகற்றிவிட்டது. வேல்சு மக்களின் வாழ்வைக் காட்டவே எழுந்த அருங்காட்சியகத்தில் இது நிகழ்ந்தமை கருதத்தக்கது.

இத்தேர்வினால் வேறொரு பயன் விளைந்தது. பேங்கர் பல்கலைக்கழகத்தார் இடைக்கால வழிபாட்டை இவ்வாலயத்தில் நிகழ்த்திப் பார்த்து ஆராய்ந்தனர். அவர்கள் கைக்கொண்ட சால்ஸ்பரி முறையின் இலத்தீன் நெறிக்குறிப்புகள் பேராலயத்தையும் அதன் பல குருக்களையும் கருத்திற் கொண்டு எழுதப்பட்டவை. ஒரே குரு பணியாற்றும் சிற்றாலயத்தில், யார் எங்கே நிற்பது, எப்பக்கம் நடப்பது என்பன நூலை மட்டும் படிப்போர்க்கு விளங்காதவை. குறுகிய அக்கூடத்துள் ஆடையணிந்து, பாடி, நடந்து பார்த்தே அக்குறிப்புகளுக்கு அவர்கள் பொருள் கண்டனர்.