பழுதில் பிறந்த குரல்

மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ 1961இல் வெளிவந்தது. சாந்தமான அந்தப் பாட்டின் நடுவே ஒரு பேஸ் கிட்டார் திடீரென்று கரகரத்து உறுமும். நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடத்தில் கிரேடி மார்ட்டின் வாசித்தபோது ஒலிக்கலவை மேசையின் ஒரு தடம் பழுதாகியிருந்தது. திரும்ப வாசித்திருக்கலாம், அப்படியே விட்டுவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி பின்னர் அந்தக் கரகரப்பை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே எழுப்பும் சுற்றொன்றை உருவாக்கினார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெடலாக விற்றது. 1965இல் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது.

அடுத்த ஆண்டே லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலை வெளியிட்டது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்து புகழ்பெற்ற வட்டப் பெட்டி அது. திறந்து பார்த்தால் உள்ளே அதிகம் இல்லை: 2 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், 4 மின்தடைகள், 3 மின்தேக்கிகள், ஒரு 9 வோல்ட் பேட்டரி.

மின்தேக்கி என்பது ரேடியோ திருத்துபவர்கள் ‘கண்டென்சர்’ என்று சொல்லும் அதே பொருள்தான். மூன்றில் இரண்டு, உள்ளே ஈரம் கொண்ட அலுமினிய வகை. ஆண்டுகள் செல்ல ஈரம் உலர்கிறது. தேக்கும் திறன் குறைகிறது. வாயிலில் நிற்கும் 2.2 மைக்ரோஃபாரட் மின்தேக்கி நலிந்தால் கீழ்ச்சுரங்கள் மெலியும். அது கசியத் தொடங்கினால் கிட்டாரின் குமிழைத் திருகும்போது கரகரக்கும். 20 மைக்ரோஃபாரட் உலர்ந்தால் உறுமலே அடங்கிவிடும்.

ஆனால் எடுத்த எடுப்பில் மின்தேக்கியைக் குற்றஞ்சாட்டக் கூடாது. முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். ஜெர்மானியம் வெப்பத்துக்கு அஞ்சும். புழுக்கமான அறையில் நல்ல பெடலும் குரல் மாறும். அதன்பிறகு, பழையதன் மேல் அதே அளவுள்ள புதிய மின்தேக்கியை, முனை மாறாமல், இணையாக வைத்துக் கேட்கலாம். இழந்த கனம் திரும்பினால் பழையது உலர்ந்துவிட்டது. கசிவு இந்தச் சோதனையில் அகப்படாது. ஒரு காலைக் கழற்றித்தான் அளக்க வேண்டும்.

சேகரிப்பாளர்கள் சிலர் எதையும் மாற்றச் சம்மதிப்பதில்லை. மாற்றினால் அசல் ஒலி போய்விடும் என்கிறார்கள். 1967இல் ஹெண்ட்ரிக்ஸ் மிதித்த பெடலில் இருந்தவை புத்தம்புதிய மின்தேக்கிகள். ஐம்பதாண்டுகள் உலர்ந்தவற்றின் ஒலியை அவர் கேட்டதே இல்லை. நாஷ்வில் பழுதை ஒரு காது கேட்டுத் தேர்ந்தெடுத்தது. இந்தப் பழுதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. காலம் கொண்டுவந்து வைத்தது.

ஆயினும் பழையதைக் குப்பையில் எறிய வேண்டாம். புதியதைப் பற்றவைத்தபின், கழற்றிய மின்தேக்கியைச் சிறு உறையிலிட்டுத் தேதி எழுதி பெடலோடு சேர்த்து வைக்கலாம். அடுத்து அதைத் திறப்பவருக்கு வரலாறும் கிடைக்கும், வாசிக்க ஒரு பெடலும் கிடைக்கும்.